நோயும் நாகரிகமும்

ஒரு மனிதன் தன் முன்னே வைக்கப்பட்ட உணவை வேண்டாமென்று விலக்கும்போது, அவன் செய்வது அவனுடைய சொந்தக் காரியமா, அன்றி மற்றவர்களையும் தொடுகின்ற ஒரு சமுதாயக் காரியமா? பசித்தவனுக்கு உணவு கிடைக்காத கொடுமையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கின்றோம். கிடைத்த உணவை மறுப்பவனைப் பற்றி அவ்வளவாகச் சிந்தித்ததில்லை. ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, ஐக்கிய அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் கோதுமையை மறுத்தல் ஓர் இயக்கம் போலவே பரவியிருக்கின்றது. நோயுற்றவர் மறுக்கின்றனர், நோயற்றவர் அவர்களிலும் பெருந்தொகையாக மறுக்கின்றனர். அந்நாடுகளில் வாழும் நம் உறவினர் வாயிலாக அதன் எதிரொலி நம் அடுக்களைகளையும் எட்டிவிட்டது. ஆகவே இதனைப் பணக்கார நாட்டவரின் விசித்திரப் பழக்கம் என்று கூறி ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்கிவிட்டால், அவ்விசித்திரத்துக்குள்ளே மறைந்து கிடக்கும் உண்மையான துன்பத்தையும் சேர்த்தே ஒதுக்கியவர்களாவோம்.

கோதுமை மாவைப் பிசைந்து, அவ்வுருண்டையை நீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தால், மாப்பொருள் கரைந்துபோக, இறப்பர் போல இழுபடும் ஒரு பசை கையில் எஞ்சும். அதுவே குளுட்டன் எனப்படும் புரதக் கூட்டு. பாண் பொங்கி எழுவதும், ரொட்டிக்கு வீசும் மா கிழியாமல் விரிவதும் அதன் வலிமையினாலேயே. வாற்கோதுமையிலும் றை என்னும் குளிர்நாட்டுத் தானியத்திலும் அதற்கு இனமான புரதங்கள் உண்டு. அரிசியிலும் குரக்கனிலும் தினையிலும் சாமையிலும் மரவள்ளியிலும் ஒடியலிலும் அது இல்லை.

இப்பசை பெரும்பாலானோருக்கு எத்தீங்கும் செய்வதில்லை. ஆனால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலே உலகெங்கும் காணப்படும் சீலியாக் நோயாளருக்கு அது நஞ்சு. பரம்பரையலகுகளினால் அந்நோய்க்கு இடந்தரும் உடலில், குளுட்டன் உட்சென்றதும் நிர்ப்பீடனத் தொகுதி சிறுகுடலையே பகையெனக் கொண்டு தாக்குகின்றது. உணவின் சாரத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. குழந்தை உண்கின்றது, ஆயினும் வளர்வதில்லை. வயிறு புடைக்கின்றது, கை கால்கள் சூம்புகின்றன. வளர்ந்தோரிடத்தில் அது குருதிச்சோகையாகவும் என்பு நலிவாகவும் தீராத களைப்பாகவும் வேடமிட்டு வருவதால், பல ஆண்டுகள் அடையாளம் காணப்படாமலே இருந்துவிடுவதுண்டு. இந்தியாவில், கோதுமை உண்ணும் வடபகுதியில் இந்நோய் மேலைநாட்டு அளவிலேயே காணப்படுகின்றது. சோறுண்ணும் தென்பகுதியில் மிக அரிது. மருந்து இன்றுவரை இல்லை. வாழ்நாள் முழுவதும் குளுட்டனை விலக்குவதொன்றே சிகிச்சை.

இந்த உண்மை எவ்வாறு அறியப்பட்டது என்ற வரலாறு, நமது கேள்விக்கு வேறெதனையும் விடக் கூடிய வெளிச்சம் தருகின்றது.

1888 ஆம் ஆண்டிலே இலண்டன் நகரத்து வைத்தியர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விவரித்து, இதற்கு மாற்று உண்டெனில் அது உணவு வழியேதான் என்று கூறினார். எந்த உணவு என்பதை அவர் அறியவில்லை. நாள்தோறும் ஒல்லாந்து மட்டிச் சதையை ஊட்டியதில் ஒரு குழந்தை தேறியது. பருவம் முடிந்து மட்டி கிடைக்காதபோது மீண்டும் நலிந்தது. அவர் கண்டது அவ்வளவே. 1924 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த சிட்னி ஹாஸ் என்னும் வைத்தியர், குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொடுத்து, பாணையும் தானியங்களையும் கிழங்கையும் நிறுத்தினார். சாவின் விளிம்பிலிருந்த குழந்தைகள் பிழைத்தன. வாழைப்பழத்திலே ஏதோ ஒரு சக்தி இருக்கின்றது என்று உலகம் நம்பிற்று. உண்மையில் குழந்தைகளைக் காத்தது கொடுத்த பழமன்று, கொடுக்காத பாண். குணமாகிவிட்டது எனக் கருதிக் கோதுமை உணவுக்குத் திரும்பியோரிடம் நோயும் திரும்பிற்று. செய்கை சரியாக இருந்தும் காரணம் பிழையாக இருந்ததால் வந்த வினை இது.

இவ்விடத்தில்தான் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் கரெல் டிக்கெ வருகின்றார். அவரைப் பற்றி வழங்கும் கதை உருக்கமானது. 1944 செப்ரெம்பரில் நேச நாடுகளின் படையெடுப்புக்கு ஆதரவாக ஒல்லாந்துப் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குத் தண்டனையாக ஜேர்மன் ஆக்கிரமிப்பாளர் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு செல்லும் வழியை அடைத்தனர். பின்னர் தடை சற்றுத் தளர்ந்தபோது, கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்துவிட்டன. மக்கள் சீனிக்கிழங்கையும் ரியூலிப் மலர்க் கிழங்கையும் அவித்துத் தின்றனர். 1945 இன் தொடக்கத்தில் நகரத்தார் ஒருவருக்குக் கிடைத்த பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரியின் பாதியளவுக்கு இறங்கிற்று. அந்தப் பஞ்சத்தில் ஏறக்குறைய 20,000 பேர் மாண்டனர். அதே பஞ்சத்தில், பாண் இல்லாமற் போனதால், சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறின. விடுதலையோடு பாண் வந்தது. அக்குழந்தைகள் மீண்டும் நோயுற்றன. இதைக் கண்டு டிக்கெ உண்மையை உணர்ந்தார் என்பது கதை.

கதை பொய்யன்று; ஆயினும் முழுமையன்று. போருக்கு முன்னரே, 1930களிலேயே, பாணை நிறுத்தினால் தன் பிள்ளை தேறுகின்றது என்று ஒரு தாய் அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் அவள் சொல்லைத் தள்ளிவிடவில்லை. சோதித்துப் பார்த்தார். 1941 இலேயே கோதுமை தவிர்த்த உணவு முறையை ஒரு கட்டுரையில் வெளியிட்டார். பஞ்சம் அவருக்குக் கற்பிக்கவில்லை. அவர் ஏற்கெனவே ஐயுற்றிருந்ததை உறுதிப்படுத்திற்று. போரின் பின்னர் சில குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து, கோதுமையை நிறுத்தியும் மீண்டும் கொடுத்தும், உயரத்தையும் நிறையையும் குறித்து, 1950 இல் உற்றெக்ற் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வைச் சமர்ப்பித்தார். பின்னர் வைஜெர்ஸ், வான் டி காமெர் என்னும் சகாக்களுடன் சேர்ந்து, தீங்கு செய்வது கோதுமையின் மாப்பொருளன்று, அதிலுள்ள புரதமே என்று நிறுவினார்.

ஒரு தாயின் அவதானத்தையும் வைத்தியரின் பல ஆண்டு உழைப்பையும் மறைத்துவிட்டு, பஞ்சம் தந்த பரிசாக அறிவைக் காட்டும் கதையே ஏன் அதிகம் விரும்பப்படுகின்றது? தற்செயல் நிகழ்ச்சிக்கு ஒரு கவர்ச்சி உண்டு. உழைப்புக்கு அது இல்லை. இன்னொரு காரணமும் இருக்கலாம். பஞ்சத்திலும் ஒரு நன்மை உண்டு என்று கேட்பதில் வயிறு நிறைந்தோருக்கு ஓர் ஆறுதல் இருக்கின்றது. ஆனால் அந்தக் குளிர்காலத்து நெதர்லாந்தை நேர்நின்று நோக்குவோமாயின், அங்கே வேறொன்று தெரிகின்றது. ஒரே பொருளின் இல்லாமை ஒருவனைக் கொன்றது, மற்றொருவனை வாழ்வித்தது. எல்லோருக்கும் அமுதமான உணவு என்று ஒன்றில்லை; எல்லோருக்கும் நஞ்சான உணவென்றும் ஒன்றில்லை. வள்ளுவர் தமது 'மருந்து' என்னும் அதிகாரத்தில் பெரும்பகுதியை உணவைப் பற்றியே பேசியும், விலக்க வேண்டிய பண்டங்களின் பட்டியலொன்றைத் தரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உண்பவனின் உடல்நிலையையே அவர் அளவுகோலாக வைத்தார்.

இந்த அளவுகோலைத்தான் இன்றைய உணவு நாகரிகம் தூக்கி எறிந்தது. 2011 இல் அமெரிக்க இருதய வைத்தியர் வில்லியம் டேவிஸ் எழுதிய நூல், கோதுமை எல்லோருக்கும் கேடு என்றது. 2013 இல் நரம்பு வைத்தியர் டேவிட் பேர்ள்மற்றர் எழுதிய நூல், தானியங்கள் மூளையையே கெடுக்கின்றன என்றது. அதே ஆண்டில் ரெனிஸ் வீரர் நோவக் ஜோக்கோவிச், குளுட்டனை விட்டதே தமது வெற்றிக்கு வழிவகுத்தது என்று நூல் எழுதினார். இந்நூல்கள் பெருந்தொகையாக விற்பனையாயின. நூற்றுக்கு ஒருவருடைய நோய், நூறு பேருக்கும் உரிய அச்சமாயிற்று. அச்சம் பிறந்த இடத்திலே சந்தை பிறப்பதற்கு அதிக காலம் செல்வதில்லை. குளுட்டன் அற்ற பாண், குளுட்டன் அற்ற பிஸ்கற், குளுட்டன் அற்ற பியர் என்று தட்டுகள் நிறைந்தன. கோதுமையோடு எக்காலத்திலும் உறவில்லாத பண்டங்களும் 'குளுட்டன் அற்றது' என்ற முத்திரையைத் தாங்கி வந்தன. தண்ணீரைத் 'தீ அற்றது' என்று விற்கும் வாணிகம் இது.

அப்படியாயின், சீலியாக் நோயில்லாமலே கோதுமை தமக்கு ஒவ்வாது என்போர் எல்லோரும் பொய்யரா? இவ்வாறு கேட்டு நகைப்பது எளிது. நம்மவருள் பலரும் அதனைச் செய்கின்றனர். ஆனால் விஞ்ஞானம் நகைக்கவில்லை, ஆராய்ந்தது. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011 இல் செய்த சோதனை, அத்தகையோருக்கும் குளுட்டன் தொல்லை தருகின்றது என்று காட்டிற்று. அதே குழுவினர் 2013 இல், குடலில் எளிதில் நொதிக்கும் சில காபோவைதரேற்றுக்களை முதலில் நீக்கிவிட்டுச் சோதித்தபோது, குளுட்டனால் தனியான தீங்கு எதுவும் புலப்படவில்லை. தம் முந்திய முடிவைத் தாமே அசைத்துப் பார்க்கத் துணிந்த நேர்மையை நாம் பாராட்ட வேண்டும். பின்னர் நோர்வேயில் 59 பேரைக் கொண்டு நடந்து 2018 இல் வெளியான ஆய்வொன்றில், குளுட்டன் கலந்த பண்டம், பிரக்டன் என்னும் சர்க்கரைத் தொடர் கலந்த பண்டம், இரண்டுமற்ற பண்டம் ஆகிய மூன்றும், எது எதுவென்று அறிவிக்காமல் ஒவ்வொன்றும் ஏழு நாள் கொடுக்கப்பட்டன. அதிக தொல்லை கொடுத்தது பிரக்டனே. அது கோதுமையிலும் உண்டு. வெங்காயத்திலும் உள்ளியிலும் உண்டு.

ஆகவே அவர்களுடைய வயிற்று வலி உண்மை. வலிக்கு அவர்கள் கூறிய காரணமே ஐயத்துக்குரியது. இந்த வேறுபாட்டை நான் மிக முக்கியமாகக் கருதுகின்றேன். தன் உடலில் வலி இருக்கின்றதா என்பதற்கு நோயாளியே இறுதிச் சாட்சி. அவ்வலி எதனால் வந்தது என்பதற்கு அவன் அத்தகைய சாட்சியல்லன். டிக்கெயிடம் வந்த தாயும் தான் கண்டதையே கூறினாள். அதனைச் சோதனைக்கு உட்படுத்தியமையினாலேயே அது அறிவாயிற்று. சாட்சியத்தை மதியாத வைத்தியம் அகந்தையில் முடியும். சோதனைக்கு உட்பட மறுக்கும் சாட்சியம் மூட நம்பிக்கையில் முடியும். நவீன உணவு நூல்கள் இரண்டாவதற்கு முதலாவதன் கண்ணியத்தை இரவல் வாங்கிக் கொடுக்கின்றன. இதனால் விளையும் தீங்கு கருத்தளவில் நின்றுவிடுவதன்று. நூலைப் படித்துவிட்டுக் கோதுமையை நிறுத்தியவர் பின்னர் வைத்தியரிடம் செல்லும்போது, குருதியிலே பிறபொருளெதிரிகள் குறைந்து, குடலும் ஆறியிருக்கக் கூடும். உண்மையிலே சீலியாக் நோய் இருந்தாலும் சோதனை அதைக் காட்டாது போகலாம். மீண்டும் சில வாரங்கள் கோதுமை உண்டு வருமாறு வைத்தியர் கேட்க நேரிடும். நோயற்றவர் குளுட்டனை விலக்குவதால் இருதயத்துக்கு நன்மை உண்டா என்ற கேள்விக்கும் 2017 இல் ஒரு விடை வந்தது. அமெரிக்காவில் சுகாதாரத் தொழில்களிலுள்ள ஏறக்குறைய 110,000 பேரைக் கால் நூற்றாண்டு தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வில், அத்தகைய நன்மை எதுவும் காணப்படவில்லை. தவிடு நீக்காத தானியங்களைக் கைவிடுவதால் தீமை நேரலாம் என்று ஆய்வாளர் எச்சரித்தனர்.

இனி, நம் வீட்டு வாசலுக்கு வருவோம். சென்ற ஆண்டு விடுமுறைக்கு எங்கள் அயல் வீட்டுக்குக் கனடாவிலிருந்து மருமகள் முறையான பெண்ணொருத்தி வந்திருந்தாள். காலை உணவுக்கு இடியப்பம் வைத்தார்கள். "மாமி, இது அரிசி மாவோ, அவித்த கோதுமை மாவோ?" என்று அவள் கேட்டாள். இரண்டும் கலந்தது என்றார் அந்த அம்மா. தனக்குக் கோதுமை கூடாது என்று அவள் தயக்கத்தோடு சொன்னதும், "வெளிநாட்டுக்குப் போனால் இடியப்பமும் கூடாமல் போகுமோ பிள்ளை?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பிலே மனத்தாங்கல் இருந்தது. அந்தப் பெண் மேலும் எதுவும் பேசாமல் இரண்டு இடியப்பத்தை எடுத்துத் தின்றாள். அடுத்த இரண்டு நாளும் அவள் படுக்கையை விட்டு எழவில்லை. அவளுக்குப் பதினான்கு வயதிலேயே சீலியாக் நோய் உறுதிப்படுத்தப்பட்டிருந்தது என்பது பின்னரே அந்த வீட்டாருக்குத் தெரிந்தது.

அந்த அம்மாவைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. கோதுமையைத் தொடாத நோயற்ற உறவினர் இருவரை அவர் முன்னரே கண்டிருந்தார். அவர்களுள் ஒருவர் மாலையில் கடையில் கொத்து ரொட்டி தின்றதையும் கண்டிருந்தார். நாகரிகமாக மறுத்தவர்கள், நோயினால் மறுப்பவளுக்குரிய நம்பிக்கையை முன்னதாகவே செலவழித்துவிட்டார்கள். சீலியாக் நோயாளருக்கு நாள்தோறும் ஐம்பது மில்லிகிராம் குளுட்டன் மூன்று மாதம் உட்சென்றாலே குடல் கெடும் என்று சோதனைகள் காட்டியுள்ளன. நம் நாட்டிலோ கோதுமை மா புட்டிலும் இடியப்பத்திலும் கலக்கின்றது. கடையில் வாங்கும் கட்டிப் பெருங்காயத்திலும் அது கலந்திருப்பதுண்டு. கேட்டுக் கேட்டே உண்ண வேண்டிய நிலையிலுள்ள ஒருவரை, கேட்பதே ஆணவம் என்று எண்ணச் செய்யும் ஒரு சூழலில் விட்டுவிடுகின்றோம்.

உணவை மறுப்பவர் மீது நமக்குள்ள ஐயத்துக்கு இன்னுமொரு வரலாற்றுக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம் சமுதாயத்தில் ஒருவர் வீட்டில் நீரருந்த மறுப்பது, அவரை மனிதராக ஏற்க மறுப்பதாகவே நெடுங்காலம் இருந்து வந்திருக்கின்றது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கை 1920களிலும் 1930களிலும் எழுந்தபோது, அதை எதிர்த்தோர் தம் ஆசாரத்தைக் காப்பதாகவே கூறினர். 1960களில் தேநீர்க் கடைகளின் கதவைத் திறப்பதற்கும் போராட வேண்டியிருந்தது. அன்று மறுப்பு ஓர் ஆயுதம். அந்தத் தழும்பு உள்ள சமுதாயம், "உங்கள் உணவு எனக்கு ஆகாது" என்ற சொல்லை எளிதில் கேட்டுக்கொள்ளாது. ஆனால் சாதியின் பெயரால் மறுத்தவன் சமைத்தவரை விலக்கினான். நோயாளி விலக்குவது ஒரு புரதத்தை மட்டுமே. சமைத்தவரோடு ஒரே பாயில் இருந்து, தனக்காகும் சோற்றை உண்பதில் அவளுக்குத் தடையில்லை. நாகரிக மறுப்போ இவ்விரண்டுக்கும் இடையிலே ஊசலாடுகின்றது. உடலைத் தூய்மையாக்குதல், நஞ்சை வெளியேற்றுதல் என்று அந்நூல்கள் பேசும் மொழியைக் கேட்கும்போது, பழைய ஆசாரக்காரரின் குரல் புதுச் சட்டை அணிந்து வந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகின்றது. பாண் தின்பவன் அறியாமையில் உழல்பவன், கட்டுப்பாடற்றவன் என்ற ஏளனமும் அதனுள்ளே ஒளிந்திருக்கின்றது.

பாண் தின்பவன் யார்? விடியுமுன் வேலைக்குச் செல்பவன். சமைக்க நேரமும் விறகும் இல்லாதவன். இலங்கையின் கோதுமை முழுவதும் கப்பலிலே வருவது. அதன் விலையை நிர்ணயிப்பது அவன் கையில் இல்லை. 1953 இல் அரிசிக் கொத்தின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கிற்று. 2022 இல் கோதுமை மாவின் விலை ஏறியபோது பல குடும்பங்கள் பாணை விட்டன. அவர்கள் விட்டதற்கு எவரும் நூல் எழுதவில்லை. உணவுக் கட்டுப்பாடு என்ற சொல், தெரிவு செய்யக் கூடியவனிடத்தில் விரதமாகவும் இல்லாதவனிடத்தில் பட்டினியாகவும் பொருள்படுகின்றது.

நோயற்ற ஒருவர் கோதுமையை விடுவது குற்றமா என்று கேட்டால், இல்லை என்பதே என் விடை. தன் தட்டில் எதை இடுவது என்பதற்கு எவரும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அவர்களால் ஒரு நன்மையும் விளைந்தது: வாங்குவோர் தொகை பெருகியதால், முன்பு மருந்துக் கடைகளில் தேடித் திரிய வேண்டியிருந்த பண்டங்கள் பேரங்காடிகளுக்கு வந்தன. ஐக்கிய அமெரிக்காவில் 'குளுட்டன் அற்றது' என்று முத்திரையிடுவதற்கு, பத்து இலட்சத்தில் இருபது பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி 2013 இல் வகுக்கப்பட்டது. ஆயினும் தெரிவுக்கு உரிமை உண்டென்பது வேறு. அத்தெரிவை நோயின் பெயரால் அறிவிப்பது வேறு. உணவுச்சாலையில் பொய்யாக நோய் சொல்பவர், அடுத்து வரும் நோயாளிக்காகக் கத்தியையும் பலகையையும் கழுவ வேண்டிய சமையற்காரரின் அக்கறையைக் குறைத்துவிட்டுப் போகின்றார்.

இப்பண்டங்களின் விலை சாதாரணப் பண்டத்தைப் போல இருமடங்கு, மும்மடங்கு. விரும்பி வாங்குபவருக்கு அது பொருட்டன்று; வேறு வழியில்லாதவருக்கு அது வாழ்நாள் வரி. இத்தாலி 2005 ஆம் ஆண்டின் 123 ஆம் இலக்கச் சட்டத்தினால் இதனைச் சமுதாயத்தின் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது. சீலியாக் நோயாளருக்கு மாதந்தோறும் உணவுக்கென உதவி வழங்கப்படுகின்றது. பாடசாலை, மருத்துவமனை முதலிய பொது உணவுச்சாலைகள் கேட்டோருக்குக் குளுட்டன் அற்ற உணவு அளிக்க வேண்டும். இங்கிலாந்தில் நெடுங்காலமாக வைத்தியரின் சீட்டுக்கு இப்பண்டங்கள் பலவும் வழங்கப்பட்டு வந்தன. 2018 டிசெம்பரில் அந்தப் பட்டியல் பாணும் மாக்கலவையும் என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. சில பிரதேசங்களில் அதுவும் நிறுத்தப்பட்டது. அரசு கூறிய காரணங்களுள் ஒன்று, இப்பண்டங்கள் இப்போது பேரங்காடிகளில் தாராளமாகக் கிடைக்கின்றன என்பது. கிடைக்கத்தான் செய்கின்றன, பெரிய கடைகளில், அவற்றின் விலைக்கு. பேரங்காடி இல்லாத சிற்றூரில், மலிவுப் பண்டங்களை மட்டுமே வைத்திருக்கும் சிறுகடையை நம்பி வாழும் முதிய நோயாளிக்கு அவை அங்கே இல்லை.